பட்டறை பதில்கள்: பெரிய மேஃப் போட்டா வண்டி பறக்குமா?

கேள்வி (காட்பாடி வாசகர்): அண்ணா வணக்கம். என்கிட்ட பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல் இருக்கு. டிராக் ரேஸ் ஓட்டணும்னு டர்போவ பெருசா மாத்தியாச்சு, இன்ஜெக்டரும் (பெட்ரோல் பீச்சறது) பெருசு, பூஸ்ட்டும் (டர்போ தள்ற காத்தழுத்தம்) ஏத்தியாச்சு. 5,000 ஆர்பிஎம் வரைக்கும் செமையா இழுக்குது, அதுக்கு மேல மூச்சு முட்டுன மாதிரி ஆயிடுது. பெரிய மேஃப் (காத்து அளக்கற மீட்டர்) பைப்பு வாங்கி பழைய சென்சார அதுல சொருகிட்டா 30 குதிரை (ஹார்ஸ்பவர்) கூடும்னு ஃப்ரெண்டு சொல்றான். வாங்கட்டுமா?

பதில்: தம்பி, அந்த ஃப்ரெண்ட மொதல்ல பானட்ட விட்டு ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லு. மேஃப்பு குதிரை குடுக்கற ஐட்டம் கெடையாது, அது வெறும் கணக்குப்புள்ள. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல ஒக்காந்துகினு உள்ள எவ்ளோ காத்து போவுதுன்னு இசியுகிட்ட (இன்ஜினோட கம்ப்யூட்டர்) சொல்றது மட்டும்தான் அதோட வேல. உள்ள சூடாக்கி வெச்ச பொடி சைஸு தகடு ஒண்ணு இருக்கும், போற காத்து அத்த எவ்ளோ ஆத்துதோ அத வெச்சு 0-லருந்து 5 வோல்ட்டுக்குள்ள ஒரு சிக்னல் போவும், இசியு அத்த பாத்து பெட்ரோல் ஊத்தும். பிரச்சன இன்னான்னா 5 வோல்ட்ட தொட்டுட்டா அவ்ளோதான், அதுக்கு மேல சொல்ல அதுக்கு வாயில்ல. நம்ம வேலூர் லாங் பஜார் மண்டில 100 கிலோ தராசுல 140 கிலோ மூட்டைய ஏத்துனா முள்ளு 100-லயே நிக்கும்ல, அதே கததான். காத்து 140 போவுது, பெட்ரோல் 100-க்குத்தான் வருது, வண்டி லீன் ஆவுது (காத்துக்கு பெட்ரோல் பத்தல), பூஸ்ட்டுல லீன் ஆனா நாக்கிங் (உள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கறது), அப்பறம் பிஸ்டன் காலி.

நானே அடி வாங்கிகினு இருக்கேன் இதுல. என்னோட மொத டர்போ வண்டில லேப்டாப்ல மேஃப் கோடு மேல போயி தட்டையா படுத்துக்கிச்சு, நான் "பவர் பீக் ஆயிடுச்சு போல"ன்னு நெனச்சுகினு இன்னும் ரெண்டு ரன்னு போனேன். அப்பறம் மூணாவது சிலிண்டர் பிளக்க கழட்டி வெயில்ல புடிச்சு பாத்தா, வெள்ள பீங்கான் மேல மொளகுத்தூள் தூவுன மாதிரி புள்ளி புள்ளியா, ஆனா வெள்ளிக் கலர்ல மினுக்குது. அது கார்பன் இல்ல, பிஸ்டனோட அலுமினியம். அன்னிக்கு ஆம்பூர் பிரியாணி எதுர வெச்சும் எறங்கல.

அதனால ஒண்ணும் வாங்காம மொதல்ல லேப்டாப்ல லாக் (ஓடும்போது வர்ற அளவுங்களோட பதிவு) எடு. டைனோல (வண்டிய உருளை மேல நிறுத்தி பவர் அளக்கற மிஷினு), மூணாவது கியர்ல, கீழருந்து ரெட்லைன் வரைக்கும் ஒரே மிதி. மேஃப் செகண்டுக்கு எத்தன கிராம் காட்டுது, இன்ஜெக்டர் டூட்டி (எவ்ளோ நேரம் தொறந்திருக்குதுன்ற சதவீதம்) எவ்ளோ, வைட்பேண்ட்ல (சைலன்சர் பக்கம் மாட்டற ஆக்ஸிஜன் சென்சார்) ஏர் ஃப்யூல் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தன பங்கு காத்து) எவ்ளோ, பூஸ்ட் எவ்ளோ, நாலையும் ஒண்ணா பாரு. ஆர்பிஎம் ஏறிகினே இருக்க மேஃப் மட்டும் தட்டையா நின்னா அது நெறஞ்சுபோச்சு. மேஃப் ஒழுங்கா ஏறுது ஆனா இன்ஜெக்டர் டூட்டி 85 சதவீதத்த தாண்டிடுச்சுன்னா உன் பிரச்சன வேற, பெட்ரோல் பத்தல. பூஸ்ட்டே விழுந்தா எங்கியோ ஹோஸ் லீக்கு. கைக்கணக்கு ஒண்ணு வெச்சுக்கோ, பெட்ரோல் வண்டில செகண்டுக்கு 1 கிராம் காத்துன்னா சுமாரா 1.25 குதிரை. 280 குதிரை வேணும்னா ஒரு 224 கிராம் அளக்கற மீட்டர் வேணும், கொஞ்சம் மிச்சம் வெச்சு வாங்கணும்.

இப்ப அந்த பெரிய பைப்பு விஷயம். பழைய சென்சார பெரிய பைப்புல சொருகறது தப்பில்ல, ஊர் ஒலகத்துல எல்லாரும் பண்றதுதான். ஆனா இசியுவுக்குள்ள எத்தன வோல்ட்டுக்கு எத்தன கிராம் காத்துன்னு இருக்கற டேபிள மாத்தாம சொருகறதுதான் கொலகாரத்தனம். உதாரணத்துக்கு உள் விட்டம் 60 மில்லில இருந்து 70-க்கு போறன்னு வை, பரப்பு 36 சதவீதம் கூடுது (60-க்கு 60 பெருக்குனா 3,600, 70-க்கு 70 பெருக்குனா 4,900, வகுத்துப் பாரு). அதே காத்து இப்ப மெதுவா போவும், சென்சார் கம்மியா காட்டும், இசியு நம்பிடும். நீ 12-ன்னு கேட்ட ஏர் ஃப்யூல் 16-ன்னு வந்து நிக்கும். அதோட போச்சா, லோடு கம்மின்னு நெனச்சு இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்கு பொறி போடற நேரம்) முன்னாடி தள்ளிடும். ரெண்டு பக்கமும் அடி. உன் ஃப்ரெண்டு சொன்ன 30 குதிரைய நம்பி இதுல எறங்காத.

அதனால வெர்னியர்ல ரெண்டு பைப்பையும் அள, மேஃப் டேபிள் மொத்தத்தயும் அந்த பரப்பு விகிதத்துல பெருக்கி ஆரம்பி, அப்பறம் வைட்பேண்ட பாத்து ஒவ்வொரு எடமா திருத்து. ஐடில்ல மீட்டர் வேல செய்ய காத்து வேகம் பத்தாம முள்ளு ஏறி எறங்கும், அத்த கடைசில தனியா பாத்துக்கலாம். வளைவு முடிஞ்ச ஒடனே சென்சார வெக்காத, முன்னாடி கொஞ்சம் நேர் பைப்பு வேணும். வாயில ஜல்லட மாதிரி இருக்கறத "அடைக்குது"ன்னு உருவிப் போடாத, காத்த நேராக்கத்தான் அது அங்க இருக்கு.

அப்பறம் பைபாஸ்ல ராத்திரி டெஸ்ட்டு பண்றேன்னு கெளம்பாத, பள்ளிகொண்டா பக்கம் ஆடு மாடு எப்ப குறுக்க வரும்னு மாட்டுக்கே தெரியாது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கு நம்மூர்லருந்து ரெண்டு மணி நேரந்தான்.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): ப்ளோ ஆஃப் வால்வ (மிதிய எடுக்கும்போது டர்போ தள்ளுன மிச்சக் காத்த தொறந்து விடறது) வெளிய விடற மாதிரி போட்டதுல இருந்து கியர் மாத்தும்போது கரும்புகை, ஒரு திணறல். மேஃப் போயிடுச்சா?

பதில்: மேஃப் நல்லாத்தான் இருக்கு. எண்ணி முடிச்ச காத்த நீங்க வெளிய "ப்ஷ்"னு விட்டுட்டீங்க, இசியுவுக்கு அது தெரியாது, இல்லாத காத்துக்கும் சேத்து பெட்ரோல் ஊத்துது. வால்வோட வாய மேஃப்புக்கும் டர்போவுக்கும் நடுவுல திருப்பி விடுங்க. சத்தம் போயிடும், வண்டி சரியாயிடும்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): மேஃப்ப தூக்கிட்டு மேப் சென்சார்லயே (இன்டேக்ல காத்தழுத்தம் அளக்கறது) ஓட்டலாமா?

பதில்: டிராக்குக்கு மட்டும்தான் வண்டின்னா என் ஓட்டு அதுக்குத்தான். வழில தடங்கல் கெடையாது, ப்ளோ ஆஃப் எங்க விட்டாலும் கவல கெடையாது. ஆனா இது காத்த எண்ணாது, அழுத்தம், சூடு, ஆர்பிஎம் மூணயும் வெச்சு கணக்கு போடுது. 20 டிகிரி காத்தவிட நம்ம வேலூர் 42 டிகிரி காத்து சுமார் 7 சதவீதம் லேசு. மேஃப் எடையத்தான் அளக்குது, அத்த தானா புடிச்சுக்கும். மேப்ல டெம்பரேச்சர் சென்சார் இன்டர்கூலருக்கு (டர்போவுல சூடான காத்த ஆத்தறது) அப்பறம் சரியான எடத்துல இருந்தாத்தான் உண்டு. இன்னொண்ணு, 2.5 பார் சென்சார்னா 2.5 பார் பூஸ்ட்டுன்னு நெனச்சுக்காதீங்க, அதுல 1 பார் வெளிக்காத்து, உங்களுக்கு மிச்சம் 1.5 தான். கேம் மாத்துனா, எக்ஸாஸ்ட் மாத்துனா டேபிள் திரும்ப பண்ணணும், டியூனருக்கு காசு எடுத்து வெச்சுக்கோங்க.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): மேஃப்ப பெட்ரோல்ல நனச்சு டூத் பிரஷ்ல தேய்ச்சேன், இப்ப ஐடிலே நிக்கல.

பதில்: நிக்காதுங்க. விரல் பட்டாலே போயிடற சாமான் அது, புதுசு வாங்கிடுங்க. அடுத்த தடவ மேஃப் க்ளீனர் ஸ்ப்ரேன்னு கேட்டு வாங்குங்க, கார்ப் க்ளீனர் வேணாம், தள்ளி நின்னு அடிச்சு, நல்லா காயவிட்டு அப்பறம் சாவி போடுங்க. எண்ணெய் போடற காட்டன் ஃபில்டர் வெச்சிருந்தா எண்ணெய கம்மியா போடுங்க, பாலாத்து மணலும் அந்த எண்ணெயும் சேந்து தகடு மேல வடை மாவு மாதிரி அப்பிக்குது.