ஏர் ஷோவில் பழைய சின்ன விமானங்களில் ரசிக்க அப்படி என்ன இருக்கிறது?

ஜெட் விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போது, ஓரமாக நிற்கும், உலோகத் தகட்டுக்குப் பதில் துணி போர்த்திச் செய்த விமானங்களை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெட்டில் எல்லாமே மூடிக்கிடக்கும். பழைய சின்ன விமானத்திலோ எது எதற்கு இருக்கிறது என்று கிட்டே நின்று பார்த்தாலே புரிந்துவிடும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நான் குன்னூர்க்காரன். எங்கள் மலையில் விமானம் இறங்க ஓடுதளம் கிடையாது. ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிபேட் மட்டும் உண்டு. ஆனாலும் ஜூலைக் கடைசி வந்தால் எங்கள் வீட்டில் விமானப் பேச்சுதான். அக்கா மகன் அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறான். அங்கே ஓஷ்கோஷ் ஊரில் நடக்கும் ஏர்வென்ச்சர் விமானத் திருவிழாவுக்கு ஏறக்குறைய 10,000 விமானங்கள் வந்து இறங்கும். அவனுக்குக் காலை, எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். வீடியோ காலில் புல்வெளியில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவான்.

"மாமா, இதுல ரடர் பெடலே இல்ல!" என்று ஒருமுறை கத்தினான். ரடர் பெடல் என்பது வால் மடலைத் திருப்பக் காலால் மிதிப்பது. அவன் காட்டிய விமானம் எர்கூப். 1937இல் முதலில் பறந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இறக்கை மடல், இரட்டை வால், முன்சக்கரம் மூன்றும் சேர்ந்து திரும்பும்படி ஃபிரெட் வீக் வடிவமைத்தார். கார் ஓட்டுகிறவரும் எளிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அடுத்து மஞ்சள் நிற பைப்பர் கப். 65 குதிரைத்திறன், அதாவது இன்றைய சின்ன கார் ஒன்றின் சக்திதான். மூக்கின் மேல் பெட்ரோல் டேங்க் மூடியிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் அடியில் தக்கை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை. பைலட் எதிரே பார்த்தால் போதும். இதைவிட நம்பகமான மீட்டரை நான் பார்த்ததில்லை.

லாங்-ஈஸி விமானம் மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டு நின்றது. அம்மா, "ஏண்டா, முன் டயரு பஞ்சராயிருச்சா?" என்றார். "இல்ல அம்மிச்சி, வேணும்னுதான் மடக்கி வெச்சிருக்காங்க" என்றான். இன்ஜினும் புரொபெல்லரும் பின்னால் இருப்பதால், முன் இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் பின்பக்கம் சாய்ந்துவிடும். மூக்கருகே இருக்கும் குட்டி இறக்கை, இதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் கைவண்ணம். வேகம் மிகவும் குறைந்தால் பெரிய இறக்கைக்கு முன்பே அது தூக்குவிசையை இழக்கும். மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் திரும்பக் கிடைக்கும். இதே வடிவத்தை வைத்து பெங்களூருவில் உள்ள அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல். 1987இல் ஒன்றைப் பறக்கவிட்டது. நம் ஆட்களிலேயே பலருக்கு இது தெரியாதது எனக்கு வருத்தம்.

மலைக்காரன் என்பதால் இன்னொன்றும் கவனிப்பேன். பழைய கார்புரேட்டர் பைக்கில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே வர வர இழுவை குறையும். காற்று மெலிந்துபோக, பெட்ரோல் மட்டும் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஊட்டி உயரமான 2,240 மீட்டரில் டர்போ இல்லாத இன்ஜின் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். பல சின்ன விமானங்களில் பெட்ரோலைக் குறைக்க பைலட் கையருகிலேயே ஒரு 'மிக்ஸ்சர்' பிடி இருக்கும். காக்பிட்டை எட்டிப் பார்த்தால் அதைத் தேடுங்கள்.

அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் விமானப்படை டைகர் மாத் ஒன்றைப் புதுப்பித்து, 2012இல் டெல்லி அருகே ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் பொதுமக்கள் முன் பறக்கவிட்டது. 1931இல் முதலில் பறந்த இரட்டை இறக்கை ரகம், 130 குதிரைத்திறன். புரொபெல்லரைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். அந்த ரகத்தை எங்காவது பார்த்தால் இடப்பக்க இறக்கைத் தூணைக் கவனியுங்கள். பல டைகர் மாத்களில் அங்கே ஒரு சின்னத் தகடும், பக்கத்தில் எண்கள் எழுதிய அளவுகோலும் இருக்கும். எதிர்காற்று தகட்டைத் தள்ளும். எந்த எண் வரை தள்ளுகிறதோ அதுதான் வேகம்.

குன்னூரிலிருந்து கிளம்புவதாக இருந்தால், பெங்களூருவில் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். அங்கே நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான், கூட்டமும் நெரியும். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு விமானத்தையும் நிதானமாகச் சுற்றிவந்து பார்க்கலாம்.