காசுப் பெட்டி: வாசகர் கேள்வி

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் கிடைத்த 1862 விக்டோரியா வெள்ளி ரூபாயில், வருடத்துக்குக் கீழே பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கின்றன. ராணியின் கழுத்தோரம் மெல்லிய கோடு ஒன்றும் ஓடுகிறது. கள்ளக்காசா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: புள்ளியைப் பார்த்துப் பயப்படாதீங்க அம்மிணி. காசில் 1862 என்ற வருடத்தை மாற்றாமலேயே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். பம்பாயில் அடித்தவற்றில் இப்படிப் புள்ளிகள் வரும். எந்த ஆண்டு அடித்தது என்று காட்டும் அடையாளம் என்பது சேகரிப்பவர்களின் கணிப்பு. வருடத்தையே மாற்றியிருந்தால் நமக்கு இந்த மண்டையிடி இல்லை!

கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் அச்சில் விழுந்த விரிசல். அடித்து அடித்து எஃகு அச்சு விண்டுபோகும். அடுத்த அடியில் அந்தச் சந்துக்குள் வெள்ளி ஏறிக்கொள்ளும். பள்ளமாக இருந்தால், பிற்பாடு யாரோ கீறியது. விரிசல் காசு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் நான் தர மாட்டேன், புள்ளிக்குத் தருவேன்.

அப்புறம், நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். புதிதில் 11.66 கிராம், தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ரொம்பக் குறைந்தால்தான் சந்தேகம். பளபளக்க வேண்டுமென்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.