லேண்ட் ரோவர் டோர் டாப் பொருந்தவில்லையா? கேள்வி பதில்

ஏலத்தோட்ட வண்டிகளுக்கு டிங்கரிங், பாடி வேலை பார்ப்பது என் தொழில். பட்டறை குமுளிப் பக்கம். ஜூன் மழை தொடங்குவதற்கு முன் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டியின் டோர் டாப் பற்றியவை. கண்ணாடியோடு தனியாகக் கழற்றி மாட்டும் கதவின் மேல்பாகம்தான் அது.

கேள்வி (வண்டிப்பெரியாறு): அண்ணே, தோட்டத்து சீரிஸ் த்ரீக்குப் புது டோர் டாப் வாங்கி மாட்டினேன். கதவைச் சாத்தினால் பின்பக்க மேல்மூலையில் விரல் நுழைகிறது. டாப் கோணலா?

பதில்: தம்பி, டாப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கதவின் கீழ்ப்பாதியை மட்டும் சாத்திப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா? கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இந்த வண்டியில் இரண்டு கீலும் கீழ்ப்பாதியில்தான் இருக்கின்றன. மேல்பாகத்தைத் தாங்க வேறு பிடிமானம் கிடையாது. கீழே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மேல்மூலையில் அது இரண்டு மூன்றாகத் தெரியும்.

கீல் நன்றாக இருந்தால் அது பிடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் இரும்பு. அதன் தூண்கள் அடியில் துருப்பிடித்து உட்காரும். எஸ்டேட் வண்டிகளில் சேறும் உரமும் அந்த மூலையில் தங்கிவிடுவதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். தூண் இறங்கியிருந்தால் எத்தனை புது டாப் வாங்கினாலும் இடைவெளி போகாது.

இதெல்லாம் சரியாக இருந்தால், முன்கண்ணாடி ஃபிரேமின் போல்ட், கூரையை அதோடு சேர்க்கும் போல்ட், ஹார்டு டாப் எனும் தகட்டுக் கூரையின் பக்கத் தகட்டு போல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், கையால் அசையும் அளவு போதும். டாப்பை மாட்டி அதன் நட்டுகளையும் தளர்வாகவே விடுங்கள். இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டு, கூரையையும் கண்ணாடி ஃபிரேமையும் கதவுக்கு ஏற்றபடி நகர்த்துங்கள். இடைவெளி சீரானபின் கதவு மூடியபடியே கொஞ்சம் கொஞ்சமாக, இடம் வலம் மாற்றி முடுக்குங்கள். பலர் கூரையை முதலில் இறுக்கிவிட்டுக் கதவை அதற்குள் திணிக்கிறார்கள். உங்கள் வண்டியிலும் அப்படி நடந்திருக்கலாம்.

அதற்கும் மேல் டாப் வெளியே சாய்ந்தால், கீழ்ப்பாதியும் மேல்பாகமும் சேரும் இடத்தில் மெல்லிய வாஷரையோ அலுமினியத் துண்டையோ வெளிப்பக்க விளிம்பில் வையுங்கள். மேல்முனை உள்ளே வரும். கடைசி வழி வளைப்பது. இடுப்பு மட்டத்தில் கதவுக்கும் தூணுக்கும் நடுவே மரக்கட்டையை வைத்து, டாப்பின் மேல்பகுதியை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி (பீர்மேடு): கதவோரத்து ரப்பர் பீடிங் புதிதாகப் போட்டும் சீட்டில் தண்ணீர் விழுகிறது. இன்னும் தடிமனான ரப்பர் போடலாமா?

பதில்: போடாதீர்கள். தடித்த ரப்பர் கதவை வெளியே தள்ளும், பூட்டு சரியாக விழாது, மேல்மூலை இன்னும் திறக்கும். ஒரு காகிதத் துண்டைப் பீடிங்கின் மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எங்கே எளிதாக உருவி வருகிறதோ அங்கேதான் ரப்பர் அழுந்தவில்லை. சுற்றிலும் இப்படிச் சோதித்து சாக்பீஸால் குறியுங்கள். குறிகள் மேலே மட்டும் இருந்தால் டாப்பின் சாய்வைத் திருத்த வேண்டும்.

டாப்பும் கீழ்ப்பாதியும் சேரும் கோட்டில் சீல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் அங்கே புகுந்தாலும் மேலிருந்து வழிவதாகவே தோன்றும்.

கேள்வி (மூணாறு): டாப்பின் அடியில் வண்ணம் குமிழ்விட்டு வெள்ளைப் பொடி உதிர்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றார்களே, சார்?

பதில்: இரும்பைப் போல் செந்துருவாகாது, ஆனால் அரிக்கும். இந்த வண்டியின் வெளித்தகடு அலுமினியக் கலவை, உள் ஃபிரேம் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் தன்னைக் கொடுத்து அரிபடும். அந்த வெள்ளைப் பொடி அதுதான். மூணாறு மழையில் அந்த இடம் மாதக்கணக்கில் காய்வதே இல்லை. பொடியைச் சுரண்டிவிட்டுப் பட்டி போட்டால் அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். பிரித்து, இரும்பைச் சுத்தமாக்கி, இரண்டு உலோகத்துக்கும் தனித்தனியாக ப்ரைமர் அடித்து, நடுவே சீலண்ட் கொடுத்துச் சேருங்கள். கண்ணாடி நகரும் பள்ளமான சேனலின் அடியில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். ஃபிரேம் அழுகுவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

கேள்வி (கம்பம்): மாமா, ஃபிரேமின் அடிச்சட்டம் ஓட்டை. வெல்டிங் போதுமா, புது டாப் வாங்கணுமா?

பதில்: அடிச்சட்டம் மட்டும் போயிருந்தால் வெல்டிங் போதும். நிற்கும் சட்டங்களும் மெலிந்திருந்தால் புதிது வாங்குவதே மலிவு. கண்ணாடியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி விழும். மெல்லிய தகட்டை ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் முறுக்கிக்கொள்ளும். டாப்பை வண்டியில் மாட்டிக் கதவைச் சாத்திய நிலையில் நாலைந்து இடத்தில் டேக், அதாவது சின்னப் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, கழற்றியபின் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிரப்ப வேண்டும். பக்கத்தில் தீயணைக்க ஆளும் தண்ணீரும் இருக்கட்டும்.

வாங்குவதானால் வண்டி எந்தக் காலத்தது என்று சொல்லி வாங்குங்கள். 1958இல் சீரிஸ் டூ வந்தபோது பாடி அகலமாகி, இடுப்பில் வளைவும் வந்தது. 1948இல் தொடங்கிய சீரிஸ் ஒன்னின் டாப் அதில் பொருந்தாது.

கேள்வி (போடி): தள்ளும் கண்ணாடி நகரவே மாட்டேன் என்கிறது. கிரீஸ் தடவலாமா?

பதில்: வேண்டாம், போடிமெட்டுப் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். சேனலில் உள்ள ஃபெல்ட் துணி ஊறிப் பருத்திருந்தால் மாற்றிவிட்டு, சிலிகான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும். கண்ணாடியையும் மாற்றுவதாக இருந்தால் அளவை முதலிலேயே சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். டஃபண்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்டவோ தேய்க்கவோ முடியாது, மொத்தமாக நொறுங்கிவிடும்.

கேள்வி (சூரியநெல்லி): கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். என் மஹிந்திராவிலும் கதவு மேல்பாகம் ஆடுகிறது. இதே முறைதானா?

பதில்: வரிசை அதேதான்: கீல், தூண், பிறகு மேல்பாகம். ஆனால் அந்தப் பாதையின் குலுக்கலுக்குச் சாதாரண நட்டு தாங்காது. நைலான் லாக் நட்டு போட்டு, அடியில் அகலமான வாஷர் கொடுங்கள். படுதாக் கதவாக இருந்தால் கம்பிச் சட்டம் நுழையும் குழாயைப் பாருங்கள். குழாய் தேய்ந்து அகன்றிருந்தால் உள்ளே ஒரு புஷ் (சின்ன உள்குழாய்) அடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.