பாதி ஸ்கேன், முழுப் படம்

கேள்வி: முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனேன். "இப்போ ஏ.ஐ. வந்துடுச்சு சார், சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றார் டெக்னீஷியன். சிக்னலில் துளி இரைச்சல் (சத்தமல்ல, தேவையில்லாத சின்னச் சின்னப் பிசிறு) கலந்தால்கூட அந்த ஏ.ஐ. இல்லாததைக் காட்டிவிடாதா?

பதில்: காட்டலாம், ஆனால் நீங்கள் பயப்படும் விதத்தில் அல்ல. எம்.ஆர்.ஐ. கேமரா மாதிரி நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. சிக்னலை வரிவரியாகச் சேகரித்து, அப்புறம் கணக்குப் போட்டுத்தான் படமாக்குகிறது; நேரம் போவதெல்லாம் அந்தச் சேகரிப்பில்தான். அதனால் நாலு வரிக்கு ஒன்று மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை, ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான ஸ்கேன்களை வைத்து ஏ.ஐ.யை நிரப்பச் சொல்கிறார்கள்.

இதைச் சோதித்த ஆன்டுன், ஹான்சன் குழுவின் ஆய்வு 2020-ல் வந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு இரைச்சலை, எங்கே தட்டினால் ஆடும் என்று தேடிப்பிடித்துக் கலந்தார்கள். சில நெட்வொர்க்குகளில் (இப்படிப் பழக்கிய ஏ.ஐ. நிரல்களில்) படம் கோணல்மாணலாகிவிட்டது. உள்ளே பொடி எழுத்துகளை வைத்துப் பார்த்தார்கள், சிலவற்றில் அவை மங்கி மறைந்தே போயின. இன்னொரு கூத்து, சிலவற்றுக்குக் கூடுதலாக வரிகளைக் கொடுத்தால் படம் இன்னும் மோசமானது!

சரி, அப்படியானால் ஏ.ஐ. இல்லாமல் கணக்கை மட்டும் வைத்துப் படமாக்கும் பழைய முறையே மேல் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. ஜென்செல் குழு செய்த சோதனையில், பயிற்சியின்போதே கொஞ்சம் இரைச்சலைக் கலந்து பழக்கிய நெட்வொர்க்குகள் பழைய கணித முறைக்குச் சமமாகத் தாக்குப்பிடித்தன. 2021-ல் இன்னொரு குழு, பயிற்சியே இல்லாத பழைய முறைகளும் இப்படித் தேடிப்பிடித்த இரைச்சலில் தடுமாறுவதைக் காட்டியது. தவிர, மெஷினில் தானாக வரும் இரைச்சல் யாரும் குறிபார்த்து அடிப்பதல்ல.

என் கவலை இரைச்சல் அல்ல, பொடி விவரம்தான். நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் 2018-ல் தொடங்கிய ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. திட்டம் முதலில் எடுத்துக்கொண்டது உங்களைப் போன்றவர்களின் முழங்காலைத்தான். அங்கே மெனிஸ்கஸில், அதாவது மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பில், ஒரு மெல்லிய கிழிசல் இருக்கிறது என்று வையுங்கள். அந்த மாதிரியை அதிகம் பார்த்திராத நெட்வொர்க் அதை வழவழவென்று பூசி மெழுகிவிடலாம், படமோ பளிச்சென்று இருக்கும். பழைய முறையில் வரி குறைந்தால் படம் பெரும்பாலும் கலங்கலாக வரும், பார்க்கிற டாக்டர் உஷாராகிவிடுவார்.

வலி ஒன்று சொல்லி ரிப்போர்ட் வேறு சொன்னால், அந்த ஒரு சீக்வென்ஸை (ஸ்கேனில் தனித்தனியாக எடுக்கும் படத்தொகுதிகளில் ஒன்றை) மட்டும் வேகப்படுத்தாமல் மறுபடி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சில நிமிடங்கள் கூடும், அவ்வளவுதான். அதுவரை காலை ஆட்டாதீர்கள், அசைந்தால் எந்த முறையானாலும் படம் கெடும்.