பூப்படத்தில் கலர் கரைகிறதா? ஜெராக்ஸ் போதும்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். 6, 9 வயதுப் பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்துப் பூக்களை மொபைலில் படம் எடுத்தார்கள். கலர் பிரிண்ட் போட்டு வாட்டர் கலர் அடித்தால் மை கரைந்து வழிகிறது. ஸ்டுடியோ பிரிண்டில் கலர் ஒட்டவே இல்லை. 'ஆர்ட் கிட்' வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. உங்களுக்கு வேண்டியது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். உங்கள் கலர் பிரிண்டின் மை தண்ணீரில் கரையும் மை. ஸ்டுடியோத் தாள் வழவழப்பானது, தண்ணீரை உறிஞ்சாது. ஜெராக்ஸில் இருப்பதோ சூட்டில் உருகித் தாளில் ஒட்டிய தூள். எவ்வளவு தண்ணீர் பட்டாலும் கரையாது. கடையில் கெட்டியான ஏ4 தாளில் போடச் சொல்லுங்கள். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் சுருண்டுவிடும். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி, படம் மங்கிப்போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஜெராக்ஸில் நிறம் இல்லாததால் எந்தக் கலர் என்பதைப் பிள்ளையே முடிவு செய்வான். செம்பருத்திக்கு நீலம் அடித்தால் அடிக்கட்டும், திருத்தாதீர்கள். ஆனால் அதற்கு முன் மொபைலில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். ஐந்து இதழ், நடுவே நீளும் தண்டு, அதன் நுனியில் ஐந்து குட்டி உருண்டைகள். காகிதப்பூவில் கலராக இருப்பது இதழே இல்லை, உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. இதைக் கண்டுபிடித்த பிள்ளை வரைகிற படமே வேறு மாதிரி இருக்கும்.

வெள்ளைப் பூ மட்டும் தகராறு. காபிப்பூ, மல்லிகை எல்லாம் வெளிச்சமான பின்னணியில் இருந்தால் ஜெராக்ஸில் தாளோடு தாளாகக் காணாமல் போய்விடும். பின்னால் இலை அடர்ந்திருந்தால் பயமில்லை, இலை கறுப்பாக விழும், பூ தெரியும். இல்லையென்றால் படம் எடுக்கும்போதே பின்னால் கறுப்புக் குடையைப் பிடியுங்கள். எடுத்து முடித்த படமென்றால் மொபைலிலேயே எடிட் செய்து படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஓரம் தெரியவில்லையா? கறுப்பு சார்ட்டில் வெள்ளை ஆயில் பேஸ்டலால் பார்த்து வரையட்டும். ஜெராக்ஸில் வெள்ளைப் பூவுக்கு வண்ணம் தீட்டும்போது இதழைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் அடிக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் பூவையே பூசி மூடிவிடுவார்கள்.

கிட் விஷயத்துக்கு வருகிறேன். அச்சடித்த கோட்டுக்குள் எண் பார்த்துக் கலர் நிரப்பும் அட்டையில் பிள்ளையின் கண்ணுக்கு என்ன வேலை? அதைவிட மோசம் 'தேசிய ஓவியப் போட்டி' ஏஜென்டுகள். நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லாருக்கும் மெடல், அப்புறம் சர்டிபிகேட்டுக்குத் தனிக் காசு. சில பள்ளிகளே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை இவர்கள் கையில் கொடுக்கின்றன. அதே பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், யாரும் கேட்க மாட்டார்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2012இல் ஓவியத்துக்கு ஆள் எடுத்ததும் பகுதிநேரமாகத்தான். வாரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட ஓவியத்துக்கு விட மனமில்லாத இடத்தில், வீட்டில்தான் இதெல்லாம் நடக்க வேண்டியிருக்கிறது.

போட்டிக்குக் காசு கேட்டு யாராவது போன் செய்தால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். அந்தக் காசுக்கு 25 கலர் ஆயில் பேஸ்டல் டப்பா ஒன்று வாங்குங்கள், சின்னவனுக்கு வாட்டர் கலரைவிட அதுதான் கைக்கு அடங்கும்.