எந்தத் தரநிலை வெல்லும் என்று பார்த்துக் கைபேசிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: மகளின் மேற்படிப்புக்காகச் சேர்க்கும் தொகையில் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்துவருகிறேன், பணம் தேவைப்பட இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்த தலைமுறைக் கைபேசி வலையமைப்பான 6ஜிக்குத் தரநிலைகள் (கைபேசியும் வலையமைப்பும் தொடர்புகொள்வதற்கான பொதுத் தொழில்நுட்ப விதிகள்) வகுக்கப்பட்டுவரும் இந்த நேரத்தில், எந்தத் தொழில்நுட்பம் மேலோங்கும் என்று கணித்து, அதைச் சார்ந்த கைபேசித் தயாரிப்பு நிறுவனத்தின் பங்குகளை இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: உங்கள் கணிப்பு பலித்தாலும், அதன் பலன் கைபேசித் தயாரிப்பாளருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ என்ற இரண்டு தரநிலைகள் மோதிக்கொண்ட காலத்தில் ஜிஎஸ்எம் பக்கம் நின்ற நோக்கியா, சிடிஎம்ஏ கைபேசித் தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2006-இல் அறிவித்தது. அது நம்பிய தரநிலைதான் உலகெங்கும் பரவியது. ஆனாலும் தொடுதிரைக் கைபேசிகளின் மென்பொருளில் பின்தங்கிய அந்நிறுவனம், 2014-இல் கைபேசிப் பிரிவையே மைக்ரோசாஃப்டிடம் விற்றுவிட்டது. காப்புரிமைகளை மட்டும் விடவில்லை. சிடிஎம்ஏவை முன்னெடுத்த அமெரிக்க நிறுவனமான குவால்காமோ, தன் கைபேசிப் பிரிவை 2000-ஆம் ஆண்டிலேயே ஜப்பானின் கியோசெராவுக்குக் கொடுத்துவிட்டு, சிப்புகளையும், தன் காப்புரிமைகளைப் பயன்படுத்துவோர் தரும் உரிமக் கட்டணத்தையும் வைத்துக்கொண்டது. ஜிஎஸ்எம் வழியில் வந்த 3ஜியும் குவால்காம் காப்புரிமை வைத்திருந்த சிடிஎம்ஏ நுட்பத்தையே கையாண்டதால், வென்ற அணியும் குவால்காமுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று.

தரநிலை தோற்கும்போது பெரிதும் அடிபடுபவர் வலையமைப்பில் பணம் போட்டவர்தான். 4ஜிக்காக வைமேக்ஸ், எல்டிஇ என்ற இரண்டு தரநிலைகள் மோதி, எல்டிஇ வென்றது. 2010-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்பிரிண்டுக்காக வைமேக்ஸ் கைபேசியைக் கொண்டுவந்த தைவானின் எச்டிசி, அடுத்த ஆண்டே அதன் போட்டி நிறுவனமான வெரிசானுக்காக எல்டிஇ கைபேசியை விற்றது. வைமேக்ஸ் வலையமைப்பை நிறுவிய கிளியர்வயரால் அவ்வளவு எளிதில் தாவ முடியவில்லை. (எச்டிசி பிற்பாடு சரிந்தது உண்மைதான், ஆனால் அதற்கு ஆப்பிள், சாம்சங் ஆகியவற்றின் போட்டியே முதன்மைக் காரணம்.)

4ஜி காலத்திலிருந்து ஏறக்குறைய உலகம் முழுவதும் 3ஜிபிபி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு வகுக்கும் ஒரே தரநிலைக்கு வந்துவிட்டது. 6ஜி வேலையும் அங்கேதான் நடக்கிறது. ஆகவே, அந்தத் தரநிலைக்குள் யாருடைய காப்புரிமைக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதையே முதலீட்டாளர் கவனிக்க வேண்டும். 5ஜி கைபேசிகளுக்கு குவால்காம் அறிவித்த கட்டணம் விற்பனை விலையில் 3.25 சதவீதம், அந்தக் கணக்குக்கு விலையின் உச்சவரம்பு 400 டாலர். வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் எரிக்சன், கைபேசியின் விலைக்கேற்ப இரண்டரை முதல் ஐந்து டாலர் வரையும், நோக்கியா அதிகபட்சம் மூன்று யூரோவும் அறிவித்தன. தயாரிப்பாளர் 150 டாலருக்கு விற்கும் ஒரு கைபேசியில் இந்த மூவருக்கு மட்டுமே பத்து டாலருக்கு மேல் போய்விடும். பேரம் பேசிக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு என்றாலும், மலிவுவிலைக் கைபேசிகளின் லாபமே சொற்பம் என்பதால் இந்தச் சுமை அவற்றைத் தயாரிப்பவர்களை உறுத்தும்.

எனவே தனி நிறுவனப் பங்கை வாங்கத்தான் வேண்டும் என்றால், படிப்புக்கான தொகையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாதீர்கள். அதற்கு முன் அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், உரிமக் கட்டண ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன, கைபேசியை வலையமைப்போடு இணைக்கும் மோடம் சிப்புக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கிறதா, காப்புரிமை வழக்குகளுக்காக எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது ஆகிய மூன்றையும் படித்துப் பாருங்கள்.