காட்டோரம் அடக்கம் செய்ய எம்பாமிங் கட்டாயமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். என் மாமனாருக்கு 81 வயது. தகனம் வேண்டாம், ஊருக்கு வெளியே உள்ள இயற்கை அடக்க நிலத்தில் கல், சிமெண்ட் எதுவும் இல்லாமல் புதைத்துவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறார். ஒரு இறுதிச்சடங்கு நிறுவனத்தில் விசாரித்தோம். "வெளிநாட்டு உறவினர் வரும்வரை வைத்திருக்க எம்பாமிங் கட்டாயம், பெட்டியும் எங்களிடம்தான் வாங்க வேண்டும், இப்போதே பணம் கட்டினால் விலை ஏறாது" என்கிறார்கள். நிலத்துக்காரர்களோ எம்பாமிங் செய்த உடலை ஏற்க மாட்டோம் என்கிறார்கள். நாத்தனார் கனடாவில், கொழுந்தனார் சென்னையில். அவர்கள் வந்து முகம் பார்க்காமல் அடக்கம் செய்ய முடியாது. என்ன செய்வது?

பதில்: எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் இருக்க ரசாயனம் ஏற்றுவது, கட்டாயம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி ஒரு சட்டமே கிடையாது. பெட்டியும் சட்டப்படி தேவையில்லை, உடல் கண்ணியமாக மூடப்பட்டிருந்தால் போதும். இதெல்லாம் கட்டாயம் என்று சொன்ன அந்த நிறுவனமேகூடக் கட்டாயம் இல்லை. மரணத்தைப் பதிவதிலிருந்து குழியில் இறக்குவதுவரை குடும்பத்தாரே செய்யலாம். இதை யாரும் வலியப் போய்ச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சொன்னால் வியாபாரம் போய்விடும்.

உறவினர் வரும்வரை உடலைக் காப்பது குளிர். எம்பாமிங் என்பது ரத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. அந்தத் திரவம் அப்படியே மண்ணுக்குள் போகும் என்பதால்தான் இயற்கை அடக்க நிலத்தார் வேண்டாம் என்கிறார்கள். சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும், பெரும்பாலும் மூன்று வாரம்கூடத் தாங்கும். முகம் பார்க்கலாம். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். அதை உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் கட்டாயம் என்கிறார்கள்? ஒரு காரணம் பணம். இன்னொன்றை வெளியே சொல்ல மாட்டார்கள்: சில சிறிய நிறுவனங்களிடம் போதுமான குளிர்பெட்டி வசதியே இருக்காது. அதனால் இப்படிக் கேளுங்கள்: "உங்கள் குளிர்பெட்டி இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா? மூன்று வாரம் வைத்திருக்க முடியுமா? நாள் வாடகை எவ்வளவு?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிவத்தில் எம்பாமிங் என்ற சொல்லே இல்லாமலும் போகலாம். "ஹைஜீனிக் ட்ரீட்மென்ட்" என்று ஒரு வரி இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், குளிப்பாட்டித் துடைப்பதுபோல. பல இடங்களில் அதற்கு அர்த்தம் எம்பாமிங்தான். துக்க வீட்டில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், வேலை முடிந்தபின் நிலத்துக்காரர் கதவைச் சாத்திவிடுவார். ஆகவே எந்தப் படிவமாக இருந்தாலும் "எம்பாமிங், ரசாயனச் சிகிச்சை எதுவும் வேண்டாம்" என்று கையால் எழுதி, அதன் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் விஷயத்தில் இன்றே செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பிரிட்டன் விசிட்டர் விசா வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவாகும். குளிர்பெட்டியின் கெடுவும் ஏறக்குறைய அதேதான், இரண்டையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். 2, 5, 10 ஆண்டு விசாக்கள் இருக்கின்றன. அப்பாவைப் பார்க்க வருவதாகச் சொல்லி இப்போதே ஒன்று எடுத்து வைக்கட்டும். நாத்தனார் கனடா குடியுரிமை பெற்றவர் என்றால் மின்னணுப் பயண அனுமதியே போதும், சாதாரணமாக அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, எம்பாமிங் தவிர்க்க முடியாத ஒரு நிலைமை இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பதால் விரிவாகவே சொல்கிறேன். குளிர்காலம் வந்தால் பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் மாமனார் சென்னையில் இருக்கும்போது காலமாகிவிட்டார் என்று வையுங்கள். உடலை விமானத்தில் ஏற்ற எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள், துத்தநாகத் தகடு அடித்த பெட்டி கேட்பார்கள். இங்கே வந்து இறங்கியதும் அந்தப் பெட்டியோடு இயற்கை நிலத்துக்குப் போக முடியாது. பெட்டியை மாற்றிவிடலாம், உள்ளே ஏறிய ரசாயனத்தை என்ன செய்வது? சில நிலத்தார் இந்த நிலைமைக்கு மட்டும் விலக்கு தருகிறார்கள், சிலர் எந்தக் காரணத்துக்கும் தருவதில்லை. எனவே இடம் பதிவு செய்யும்போதே "வெளிநாட்டில் இறந்து எம்பாமிங்கோடு வந்தால் ஏற்பீர்களா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், இன்று போன் எடுத்தவர் பத்து வருடம் கழித்து அங்கே இருக்க மாட்டார். ஏற்க மாட்டோம் என்றால் மாற்றுவழி, அங்கேயே தகனம் செய்துவிட்டு அஸ்தியைக் கொண்டு வருவது. இயற்கை நிலங்கள் பலவற்றில் அஸ்தி புதைக்கவும் இடம் தருகிறார்கள். அஸ்தி காரத்தன்மையும் உப்பும் மிகுந்தது, அதனால் மண்ணோடு கலந்து போடச் சொல்வார்கள். ஆனால் தகனமே வேண்டாம் என்கிறவர் இதற்குச் சம்மதிப்பாரா? அவரிடமே கேட்டுவிடுங்கள். இன்னொன்று: வெளிநாட்டில் இறந்தவரை இங்கே புதைக்க, அடக்கம் நடக்கும் பகுதியின் பதிவாளரிடம் "இங்கே பதிவு செய்யவேண்டிய பொறுப்பில்லை" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். திடீர் மரணங்களையும் இயற்கைக்கு மாறான மரணங்களையும் விசாரிக்கும் அதிகாரியான கொரோனரின் அலுவலகமும் குறுக்கே வரக்கூடும். வெள்ளிக்கிழமை மாலை விமானம் இறங்கினால் திங்கள்வரை யாரும் அசைய மாட்டார்கள்.

இங்கேயே காலமானால் காகித வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். 2024 செப்டம்பர் 9 முதல் கொரோனருக்குப் போகாத எல்லா மரணங்களையும் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் மருத்துவர் மரணக் காரணச் சான்று எழுத ஒரு நாள், எக்ஸாமினர் பார்க்க இன்னும் சில நாள், அப்புறம் பதிவாளரிடம் நேரம் கிடைக்க வேண்டும், இடையில் ஒரு வங்கி விடுமுறை. துக்கத்தில் இருப்பவர் தினமும் போன் போட்டு "எங்கள் காகிதம் எங்கே" என்று கேட்கவேண்டிய நிலைமை. கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பதிவு முடிந்ததும் பதிவாளர் ஒரு பச்சைப் படிவம் தருவார், அல்லது நேரே அனுப்பிவிடுவார். அதற்குக் கட்டணம் இல்லை. அது இல்லாமல் குழிப்பக்கம் போக முடியாது. அடக்கம் முடிந்து 96 மணி நேரத்துக்குள் அதன் கிழிசல் பகுதி பதிவாளருக்குத் திரும்ப வேண்டும், அதை நிலத்தாரே அனுப்பிவிடுவார்கள்.

பெட்டிக்கு வருகிறேன். காட்சிக்கு வைத்திருக்கும் ஓக் மரப் பெட்டியைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மரத்தூளைப் பசையால் அழுத்திய பலகை, அதன்மேல் மரம் போன்ற தாள். பித்தளைக் கைப்பிடி என்று நினைப்பது முலாம் பூசிய பிளாஸ்டிக். உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு. இயற்கை நிலத்தில் இது நுழையாது. பிரம்பு, வில்லோ, மூங்கில், கம்பளி, அட்டை என்று எத்தனையோ வகை நேரடியாகவே விற்கிறார்கள், நீங்களே வாங்கலாம். பெட்டியே வேண்டாம் என்றால் பருத்தி வேட்டியில் சுற்றி, அடியில் ஒரு பலகை வைத்து இறக்கவும் பல நிலங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் மாமனாருக்கு அதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது. உடுத்துவதும் பருத்தியோ நூலோ பட்டோ ஆக இருக்கட்டும். பாலியெஸ்டர் சரிகை வேட்டி, பெல்ட், செருப்பு, கண்ணாடி எதுவும் கூடாது. மாலை வாங்கும்போது உள்ளே பிளாஸ்டிக் நார் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள், வாசலில் நிறுத்தி அறுக்கச் சொன்னால் அந்த நேரத்தில் சங்கடம். கற்பூரம் ஏற்றுவதானால் முன்பே கேளுங்கள், கோடையில் புல் காய்ந்திருந்தால் மறுப்பார்கள்.

விலைப்பட்டியல் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2021 முதல் ஒவ்வொரு இறுதிச்சடங்கு நிறுவனமும் ஒரே வடிவத்திலான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையதளத்திலும் வைத்தாக வேண்டும், போட்டி மற்றும் சந்தை ஆணையத்தின் உத்தரவு இது. அதில் உடலை எடுத்து வருவது, வைத்திருப்பது என்று தனித்தனி வரி இருக்கும். உங்களுக்குத் தேவை அந்த இரண்டு வரி மட்டும்தான். ஆள் பிடித்து அனுப்புவதற்கான கமிஷனையும் அதே உத்தரவு தடுத்தது: மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ பணம் கொடுத்துக் குடும்பங்களைப் பிடிக்கக் கூடாது. ஆகவே இல்லத்தில் யாராவது "எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று அட்டை நீட்டினால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நன்றி சொல்லுங்கள், அழைக்க வேண்டாம்.

இறுதிச்சடங்கு நிறுவனத்தார்தான் இப்போதே பணம் கட்டும் முன்பணத் திட்டத்தையும் விற்கிறார்கள். "விலை ஏறாது" என்ற பேச்சில் மயங்காதீர்கள். 2022 மார்ச்சில் சேஃப் ஹேண்ட்ஸ் என்ற நிறுவனம் விழுந்தபோது சுமார் 46,000 பேர் கட்டிய பணம் சிக்கிக்கொண்டது. அந்த ஆண்டு ஜூலை 29 அன்றுதான் நிதி நடத்தை ஆணையம் இந்தத் திட்டங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்காதீர்கள். திட்டம் போடுவதானால் விற்கும் நிறுவனத்தின் பெயர் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை நிலத்தின் கட்டணம் திட்டத்துக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. நாய்களைப் பணத்துக்குப் பராமரிக்க இங்கிலாந்தில் உரிமம் வேண்டும், இறந்த மனிதரைப் பராமரிக்க இன்றுவரை எந்த உரிமமும் வேண்டாம். இந்த நாட்டில் இதைப் பற்றி எத்தனை அறிக்கைகள் வந்தாலும் நிலைமை இதுதான்.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் நிலத்தாரிடம் போங்கள், நிறுவனத்திடம் பிறகு. பிரிட்டனில் முதல் இயற்கை அடக்க இடம் 1993-இல் கார்லைல் நகராட்சிக் கல்லறையில் அதன் நிர்வாகி கென் வெஸ்ட் தொடங்கியது. இப்போது 200-க்கும் மேல் இருக்கின்றன: நகராட்சி நடத்துவது, அறக்கட்டளை நடத்துவது, விவசாயி தன் வயலில் நடத்துவது. நேச்சுரல் டெத் சென்டர் என்ற தொண்டு அமைப்பின் கீழ் உள்ள சங்கத்தில் சேர்ந்த நிலங்களுக்கு ஒரு நடத்தை விதி உண்டு. சேராதவை எல்லாம் மோசம் என்றில்லை, ஆனால் தனியார் நிலத்தைக் கண்காணிக்க ஒருவரும் இல்லை. "இந்த நிலத்தை 50 வருடம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்? விற்றுவிட்டால் என்ன ஆகும்? பராமரிப்புக்குத் தனி நிதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜூன் மாதத்தில் பூத்துக் குலுங்கும் வயல் பிப்ரவரியில் கணுக்கால் சேறு, உங்கள் மாமியாரை அங்கே எப்படி நடத்திப் போவீர்கள்? கல் வைக்க விடமாட்டார்கள், சிறு மரப்பலகை சில இடங்களில் உண்டு. சூரிய விளக்கு, பிளாஸ்டிக் பூ வைத்தால் எடுத்துவிடுவார்கள். மண்மேடு சில மாதங்களில் அமிழ்ந்து போகும், யாரும் தோண்டிவிட்டார்களோ என்று பதறாதீர்கள். ஆறடி ஆழம் என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

மாமனாரிடம் ஒரு காரியம் வாங்குங்கள். இந்த நாட்டில் இறந்தவரின் விருப்பம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, 1882-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து அப்படித்தான். உயில் இருந்தால் அதில் குறிப்பிட்ட நிறைவேற்றுநர்தான் முடிவெடுப்பார். கொழுந்தனார் வந்து "அப்பாவை எப்படி எரிக்காமல் விடுவது" என்று நின்றால், நிறைவேற்றுநர் யார் என்பதே பதில். எனவே உயிலில் உங்கள் கணவர் பெயர் இருக்கட்டும். தன் விருப்பத்தை மாமனாரே போனில் சென்னை மகனிடம் சொல்லிவிடட்டும். அவர் சொன்னால் அடங்குகிற வாய், நீங்கள் சொன்னால் அடங்காது.

மாமியாருக்கும் பக்கத்திலேயே இடம் வேண்டுமா என்று இப்போதே கேட்டு முடிவு செய்யுங்கள். இயற்கை நிலங்களில் பெரும்பாலும் ஒரு குழியில் ஒருவர்தான், மேலே இன்னொருவரை வைக்க மாட்டார்கள். பக்கத்து இடத்தை இன்று பதிவு செய்யாவிட்டால் நாளை வேறு யாருடையதோ ஆகிவிடும். பதிவு செய்யும்போது நீங்கள் வாங்குவது நிலம் அல்ல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அங்கே புதைக்கும் உரிமை மட்டும். அந்த ஆண்டுக் கணக்கு ரசீதில் எழுதியிருக்கிறதா, அது எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.